ஆறு புள்ளிக்கு வயதாகிவிட்டதா?

கேள்வி இதுதான்: "பார்வையற்றவர்கள் விரலால் தடவிப் படிக்க லூயி பிரெய்ல் 1829-இல் வெளியிட்ட குறிமுறையில் ஆறே புள்ளி, 64 வடிவம். இன்று மின்னஞ்சல் முகவரி, கடவுச்சொல், நிரல், கணிதம் எல்லாவற்றையும் அதே ஆறு புள்ளிக்குள் திணிக்க வேண்டியிருக்கிறது. ஒரேயடியாக எட்டுப் புள்ளிக்கு மாறி, ஓர் எழுத்துக்கு ஒரு கட்டம் என்று புதுப்பித்துவிட்டால் என்ன?"

நியாயமான கேள்விதான். ஆனால் நோய் எது என்பதில் நான் வேறுபடுகிறேன். புள்ளி போதவில்லை என்பது பாதி உண்மை. ஒரே வடிவம் இடத்துக்கு இடம் வேறு பொருள் தருகிறது என்பதுதான் கணினி வந்த பிறகு பெரிதான தொல்லை. இந்தத் தொல்லையைத் தீர்க்கும் வேலை முப்பது ஆண்டுகளுக்கு மேலாக நடந்துவருகிறது. பெரும்பகுதி, ஒரு புள்ளியைக்கூடக் கூட்டாமலே நடந்திருக்கிறது.

பிரெய்ல் தெரியாதவர்களுக்காக முதலில் அடிப்படை. ஒரு கட்டத்தில் இடப்பக்கம் மேலிருந்து கீழாக 1, 2, 3 என்ற புள்ளிகள். வலப்பக்கம் 4, 5, 6. எதுவும் எழும்பாத வெற்றுக் கட்டத்தைக் கழித்தால் 63 வடிவங்கள். ஆங்கிலத்தின் முதல் பத்து எழுத்துகள் மேல் நான்கு புள்ளிகளுக்குள் அடங்கும். அடுத்த பத்தும் அதே பத்துதான், 3-ஆம் புள்ளி மட்டும் கூடும். எண்களுக்குத் தனி வடிவமே கிடையாது. 3-4-5-6 என்ற எண்குறியை முன்னால் வைத்துவிட்டு அதே முதல் பத்து எழுத்துகளை எழுதினால் 1 முதல் 0 வரை ஆகிவிடும். பெரிய எழுத்து வேண்டுமா, முன்னால் 6-ஆம் புள்ளி. பழைய வீட்டில் ஒரே அறை பகலில் வரவேற்பறை, இரவில் படுக்கையறை என்பதுபோலச் சிக்கனம்.

அந்தச் சிக்கனத்துக்குக் காரணம் விரல்நுனி. பிரெய்லுக்கு முன்னோடியான சார்ல் பார்பியேயின் முறையில் ஒரு கட்டத்துக்கு 12 புள்ளிகள் வரை இருந்தன. விரலை மேலும் கீழும் நகர்த்தாமல் ஒரு குறியைத் தடவி அறிய முடியவில்லை. சிறுவன் லூயி செய்த முதல் காரியமே புள்ளிகளைப் பாதியாகக் குறைத்ததுதான். ஆகவே "புள்ளியைக் கூட்டு" என்ற யோசனையை இந்தக் குறிமுறை பிறக்கும்போதே ஒருமுறை பரிசீலித்துத் தள்ளியிருக்கிறது. அதற்காக எட்டுப் புள்ளி கூடாது என்று சொல்லவரவில்லை. அதற்கு அப்புறம் வருகிறேன்.

தாளில் அச்சிட்ட பிரெய்ல் இடத்தை விழுங்கும். ஆகவே ஆங்கிலத்தில் அடிக்கடி வரும் சொற்களுக்கும் எழுத்துக் கூட்டங்களுக்கும் சுருக்கங்கள் வைத்தார்கள். 63 வடிவங்களுக்குள் ஏறக்குறைய 190 சுருக்கங்கள். ஒரே வடிவத்தைப் பலரும் பகிர்ந்துகொண்டால்தான் இது நடக்கும். 2-5-6 என்ற வடிவத்தையே எடுங்கள். சொல்லின் முடிவில் வந்தால் முற்றுப்புள்ளி. சொல்லின் தொடக்கத்தில் வந்தால் "டிஸ்" என்ற முன்னொட்டு. நடுவில் வந்தால் இரட்டை "டி" (dd). எண்ணுக்கு முன்னால் வந்தால் டாலர். பழைய ஆங்கில பிரெய்லில் இந்த நான்கும் ஒரே வடிவம். படிக்கும் மனிதருக்கு இதில் சிரமமே இல்லை; இடத்தைப் பார்த்து மூளை தானாகவே முடிவு செய்துவிடும்.

பிறகு இணைய முகவரி வந்தது. சொல்லின் நடுவில் புள்ளி வைக்கிற பழக்கமே இல்லாத காலத்தில் போட்ட விதி அது. இப்போது ஒவ்வொரு தளத்தின் பெயரிலும் நடுவில் ஒரு புள்ளி. பழைய விதிப்படி விரல் அதை இரட்டை "டி" என்றுதான் படிக்கும். அந்தப் புள்ளிக்குப் பின்னால் வரும் "காம்" இன்னும் மோசம்: அதற்கான சுருக்கம் 3-6, அதே 3-6-தான் சொல்லிணைப்புக் கோடு. ஒரு சாதாரண இணைய முகவரியில் அடுத்தடுத்து இரண்டு பொறிகள்.

"பிஎல்இ" (ble) என்ற எழுத்துக் கூட்டத்தின் கதை எனக்கு மிகவும் பிடித்தது. அதன் சுருக்கம் 3-4-5-6, அதாவது எண்குறியேதான். சொல்லின் நடுவில் எண் வராது என்ற நம்பிக்கையில் அப்படி வைத்தார்கள். "எம்பி3" (mp3) என்று எழுதுங்கள், அந்த நம்பிக்கை உடைந்துவிடும். "ஏஷன்" (ation) என்ற பின்னொட்டுக்குச் சுருக்கம் 6-ஆம் புள்ளியும் அடுத்து "என்" எழுத்தும். 6-ஆம் புள்ளி என்றால் பெரிய எழுத்து என்று முன்பே சொன்னேன். சொல்லின் நடுவில் பெரிய எழுத்து யார் போடுவார்கள்? நிரலாளர்கள் போடுவார்கள். இரண்டு சொற்களை இடைவெளியில்லாமல் ஒட்டி, இரண்டாவதன் முதல் எழுத்தைப் பெரிதாக்குவது அவர்களுடைய அன்றாட வழக்கம். "இஸ்" என்பதோடு "நல்" ஒட்டிய மாறியின் பெயரைப் (isNull) பழைய பிரெய்லில் படித்தால் "இஸேஷன்அல்" என்பதுபோல் ஏதோ ஒன்று கிடைக்கும்.

இதற்கு அப்போதிருந்த மருந்து, தனித்தனிக் குறிமுறைகள். இலக்கியத்துக்கு ஒன்று, கணிதத்துக்கு ஏப்ரகாம் நெமத் உருவாக்கியது, கணினிக்கு அமெரிக்காவில் 1987-இல் வந்த இன்னொன்று. ஒவ்வொன்றிலும் அடைப்புக்குறியின் வடிவம்கூட ஒன்றுபோல் இல்லை. இலக்கியக் குறிமுறையில் திறக்கும் அடைப்பும் மூடும் அடைப்பும் ஒரே வடிவம், 2-3-5-6. கணினிக் குறிமுறையில் இரண்டும் வேறு வேறு. நிரலாக்கப் பாடநூல் படிக்கும் மாணவர் ஒரே பக்கத்தில் மூன்று குறிமுறைகளுக்குள் புகுந்து புகுந்து வெளியே வர வேண்டும்.

இதைக் கண்டு சலித்துப்போய்த்தான் 1991-இல் நெமத்தும் டிம் கிரான்மரும் வட அமெரிக்க பிரெய்ல் ஆணையத்துக்கு ஒரு குறிப்பாணை எழுதினார்கள்: எல்லாவற்றையும் ஒரே குறிமுறைக்குள் கொண்டுவாருங்கள். 1993-இல் அது பன்னாட்டுத் திட்டமானது. 2004-இல், ஒருங்கிணைந்த ஆங்கில பிரெய்ல் பயன்படுத்தும் நிலைக்கு வந்துவிட்டது என்று ஆங்கில பிரெய்லுக்கான பன்னாட்டு மன்றம் அறிவித்தது. ஆஸ்திரேலியா, நியூசிலாந்து முந்திக்கொண்டன. பிரிட்டன் 2011-இலும், அமெரிக்கா 2012-இலும் ஏற்க முடிவெடுத்தன. அமெரிக்காவில் நடைமுறைக்கு வந்த நாள் 2016 ஜனவரி 4.

என்ன செய்தார்கள்? ஒன்பது சுருக்கங்களைத் தூக்கினார்கள். மேலே சொன்ன இரட்டை "டி", "காம்", "பிஎல்இ", "ஏஷன்" ஆகியவையும், 6-ஆம் புள்ளியில் தொடங்கும் "அலி"யும் (ally) அவற்றில் அடங்கும். அடுத்த சொல்லோடு இடைவெளி இல்லாமல் ஒட்டி எழுதப்பட்ட "டு", "இன்டு", "பை" (to, into, by) ஆகிய மூன்றும் போயின. அச்சில் இருக்கும் இடைவெளி பிரெய்லில் இல்லையென்றால் கணினியால் அதைத் திரும்பக் கொண்டுவர முடியாதே. ஒன்பதாவது, கடிகார நேரம் சொல்லும் "ஓ'கிளாக்". டாலருக்குப் புது வடிவம்: 4-ஆம் புள்ளி, அடுத்து "எஸ்". அட் குறிக்கு (@) 4-ஆம் புள்ளி, அடுத்து "ஏ". அடிக்கோடு, பின்சாய்வுக் கோடு, நெளி அடைப்பு எல்லாவற்றுக்கும் இப்படி முன்புள்ளி வைத்து இரண்டு கட்டக் குறிகள். கட்டம் கூடியது, குழப்பம் குறைந்தது.

"4பி" (4b) என்ற வீட்டுக் கதவு எண்ணை யோசித்துப் பாருங்கள். எண்குறி, "டி" வடிவம், "பி" வடிவம் என்று எழுதினால் அது 42. ஆகவே நடுவில் 5-6 என்ற குறியைப் போட வேண்டும்: இனி வருவது எழுத்து. ஆனால் "4எக்ஸ்" என்று எழுத அந்தக் குறி தேவையில்லை, ஏனென்றால் "எக்ஸ்" எந்த எண்ணும் அல்ல. விதி அலங்கோலமாகத் தெரியலாம். ஆனாலும் இதில் இரண்டு பொருளுக்கு இடமில்லை. அச்சிலிருந்து பிரெய்லுக்கும், பிரெய்லிலிருந்து அச்சுக்கும் பிசகாமல் போய்வர முடியும். புதுப்பித்தல் என்று நான் சொல்வது இந்தப் போய்வரும் தன்மையைத்தான்.

எதிர்ப்பு இல்லாமல் இல்லை. நூல்கள் சற்றே நீளமாகின்றன, ஐம்பது ஆண்டு விரல்பழக்கம் தடுமாறுகிறது, கணிதம் படிக்கக் கட்டங்கள் கூடுகின்றன என்று பலர் வாதிட்டார்கள். நெமத் தாமே இறுதி வடிவத்தை விரும்பவில்லை. எண்களைக் கட்டத்தின் கீழ்ப்பகுதியில் எழுதும் தமது வழியே மேல் என்றார். கணிதத்தைப் பொறுத்தவரை அவர் பக்கம் நியாயம் இருப்பதாகவே எனக்குப் படுகிறது. எழுத்துக்கும் எண்ணுக்கும் வடிவம் வேறானால் இயற்கணிதச் சமன்பாட்டில் எண்குறி, எழுத்துக்குறி என்று மாறி மாறித் திணிக்க வேண்டியதில்லை. அமெரிக்காவில் இன்றும் நெமத் முறை கூடவே புழங்குகிறது.

சரி, எட்டுப் புள்ளி. அது ஏற்கெனவே இருக்கிறது. கணினியோடு இணையும் பிரெய்ல் டிஸ்ப்ளேயில் ஒவ்வொரு கட்டத்திலும் எட்டு ஊசிகள். மின்னழுத்தம் கொடுத்தால் வளையும் பீசோ தகடுகள் அவற்றை ஏற்றி இறக்கும். 3-க்குக் கீழே 7, 6-க்குக் கீழே 8. மொத்தம் 256 வடிவங்கள். பெரிய எழுத்துக்கு 7-ஆம் புள்ளியைச் சேர்த்தால் போதும், தனிக் கட்டம் வேண்டாம். ஓர் எழுத்து, ஒரு கட்டம். நிரல் எழுதுபவர்களுக்கும் கடவுச்சொல்லைச் சரிபார்ப்பவர்களுக்கும் இது வரம். திரையில் 17-ஆவது எழுத்து என்றால் விரலுக்கும் 17-ஆவது கட்டம்.

பிறகு ஏன் எல்லாவற்றுக்கும் இதையே வைத்துக்கொள்ளவில்லை? முதலாவது, "எட்டுப் புள்ளி பிரெய்ல்" என்று ஒன்று இல்லை, பல இருக்கின்றன. ஜெர்மானியக் கணினி பிரெய்லில் 1 என்பது 1-6. அமெரிக்கக் கணினி பிரெய்லில் அதே 1 என்பது தனியாக 2-ஆம் புள்ளி. உலக மொழிகளின் எழுத்துகளுக்கெல்லாம் கணினி எண் தரும் யூனிகோட் 1999-இல் 256 வடிவங்களுக்கும் இடம் கொடுத்தது உண்மை. ஆனால் அது வடிவங்களை மட்டுமே பட்டியலிடுகிறது. எந்த வடிவம் எந்த எழுத்து என்று சொல்லவில்லை, சொல்லவும் முடியாது. (அந்த 256 வடிவங்களை இப்போது அதிகம் பயன்படுத்துவது பார்வையுள்ள நிரலாளர்களோ என்று எனக்குச் சந்தேகம். கட்டளைத் திரையில் "காத்திருங்கள்" என்று சுழலும் அந்தச் சின்னப் புள்ளிக் கூட்டம் பிரெய்ல் எழுத்துகளால் ஆனதுதான். டிஸ்ப்ளேயில் விரல் வைத்திருப்பவருக்கு அது வெறும் உளறல்.)

இரண்டாவது, சுருக்கம். 40 கட்டங்கள் உள்ள ஒற்றை வரி டிஸ்ப்ளேயில் கதை படிப்பவருக்குச் சுருக்கங்கள் இருந்தால்தான் ஒரு வரியில் நான்கு சொல் கூடுதலாகக் கிடைக்கும். 14 கட்டங்களே உள்ள சிறிய கருவியில் சொல்லவே வேண்டாம். மூன்றாவது, தாள். தாளில் பிரெய்ல் நூல்கள் பெரும்பாலும் ஆறு புள்ளியில்தான் இருக்கின்றன, பிள்ளைகள் கற்பதும் அதில்தான். மின்தூக்கியின் பொத்தானிலும் மருந்துப் பெட்டியிலும் இருப்பதும் அதுவே. அதைக் கைவிட்டால் புதிய தலைமுறைக்கு நூலகமே பூட்டிய அறையாகிவிடும். பிரெய்ல் உலகம் இந்த வலியை ஒருமுறை பட்டிருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அமெரிக்காவில் நியூயார்க் பாயின்ட், அமெரிக்கன் பிரெய்ல், பிரிட்டன் வழி பிரெய்ல் என்று ஒன்றோடொன்று ஒத்துப்போகாத முறைகள் அருகருகே புழங்கின. படிக்கும் ஆசை உள்ளவர்கள் எல்லாவற்றையும் கற்றுத் தொலைக்க வேண்டியிருந்தது. இரு நாட்டு ஆங்கிலமும் ஒரே அடிப்படைக்கு வர 1932 ஆனது.

இதுவரை படிப்பதைப் பற்றிப் பேசினேன். தட்டச்சில் இதே பிரச்சினை இன்னும் கூர்மையாகும். ஐஃபோனில் 2014 முதலும் ஆண்ட்ராய்டில் 2020 முதலும் திரையிலேயே ஆறு விரல்களால் பிரெய்ல் எழுதலாம். சுருக்க பிரெய்லில் எழுதினால், நீங்கள் இட்ட கட்டம் என்ன எழுத்து என்பது அடுத்த கட்டத்தையோ இடைவெளியையோ இடும்வரை மென்பொருளுக்குத் தெரியாது. ஆகவே அது காத்திருக்கும். நடுவில் திருத்தினால் சொல் முழுவதும் மாறும். திரையில் ஆறு எழுத்து, விரலில் இரண்டு கட்டம் என்றால் கர்சர் எங்கே நிற்கிறது? திரையில் உள்ளதைக் குரலாகவோ பிரெய்லாகவோ தரும் மென்பொருள்களான திரைவாசிப்பான்கள் கண்டுபிடித்த சமரசம், கர்சர் நிற்கும் சொல்லை மட்டும் விரித்துக் கணினி பிரெய்லில் காட்டுவது. குறிமுறைக்குள் தெளிவு கூடினால் இந்த ஒட்டுப்போடும் வேலை அந்த அளவுக்குக் குறையும்.

தமிழுக்கும் இது பொருந்தும். இந்திய மொழிகளுக்குப் பொதுவாக 1951-இல் வடிவம்பெற்ற பாரதி பிரெய்லைப் பின்பற்றும் தமிழ் பிரெய்லில் சுருக்கத் தொல்லை இல்லை. ஆனாலும் பகிர்வு இருக்கிறது. "ண" என்பது 3-4-5-6, அதே எண்குறி. எந்தத் தமிழ்ச் சொல்லும் "ண"வில் தொடங்காது என்பதால் சொல்லின் முதலில் வந்தால் எண், நடுவில் வந்தால் "ண" என்று விரல் பிரித்துக்கொள்ளும். ("எண்" என்ற சொல்லிலேயே எண்குறி ஒளிந்திருக்கிறது என்பது தற்செயல்தான், ஆனாலும் அழகு.) இப்போது "இ" என்பது 2-4, அதுதான் 9-க்கான வடிவமும். ஆக "பணி" என்ற சொல்லும், இருக்கை எண்ணாக எழுதும் "ப9"-உம் விரலுக்கு ஒன்றே. "எம்பி3" கதை அப்படியே திரும்புகிறது, பாருங்கள்.

இன்னொன்று. மெய்யெழுத்தின் புள்ளி தமிழ் பிரெய்லில் எழுத்துக்கு முன்னால் 4-ஆம் புள்ளியாக வரும். "ஸ" என்பது ஆங்கில "எஸ்" வடிவமேதான். எனவே "பஸ்" என்பதில் உள்ள "ஸ்" 4-ஆம் புள்ளியும் "எஸ்"-உம். அது ஒருங்கிணைந்த ஆங்கில பிரெய்லின் டாலர் குறி. தனித்தனியாக இருந்தவரை யாருக்கும் நட்டமில்லை. ஒரே வரியில் தமிழும், ஆங்கிலச் சொல்லும், மின்னஞ்சலும், விலையும் கலந்து வருவதுதானே இன்றைய எழுத்து? "இங்கே ஆங்கிலம் தொடங்குகிறது, இங்கே முடிகிறது" என்று சொல்லும் இரண்டு குறிகள் ஐயமில்லாமல் இருந்து, எல்லா மென்பொருளும் அவற்றை ஒரேபோல் மதித்தால், எட்டுப் புள்ளி இல்லாமலே இந்தச் சிக்கலில் முக்கால்வாசி தீரும் என்பது என் கணிப்பு.

குறிமுறையைப் போலவே கோப்பும் பழையது. பல ஆண்டுகளாகப் புழங்கும் பிரெய்ல் கோப்பு ஆறு புள்ளி வடிவங்களை ஆஸ்கி என்ற பழைய கணினி எழுத்துத் தொகுதியின் எழுத்துகளுக்கு ஒன்றுக்கு ஒன்றாகப் பொருத்தியது. அது தாளை மனத்தில் வைத்து எழுந்தது: வரிக்கு 40 கட்டம், பக்கத்துக்கு 25 வரி என்று முன்பே வெட்டி வைத்திருப்பார்கள். 20 கட்ட டிஸ்ப்ளேயில் திறந்தால் வரிகள் கன்னாபின்னாவென்று உடையும். தலைப்பு எது, பத்தி எது என்ற தகவலே கோப்பில் இல்லை, வெற்றிடங்கள்தான் இருக்கும். அச்சைப் படிக்க இயலாதவர்களுக்கான நூல் வடிவங்களை வகுக்கும் டெய்சி கூட்டமைப்பின் கீழ் உருவான இபிரெய்ல் வடிவம் இதை மாற்ற வந்தது: உள்ளே இணையப் பக்கங்களைப் போல எச்டிஎம்எல் கட்டமைப்பு, எழுத்துகள் யூனிகோட் பிரெய்லில், கருவியின் அகலத்துக்கேற்ப வரி தானே மடங்கும். ஒற்றை வரிக் காலமும் முடிந்துகொண்டிருக்கிறது. பார்வையற்றோருக்கான நூல்களும் கருவிகளும் தயாரிக்கும் அமெரிக்கன் பிரிண்டிங் ஹவுஸின் மோனார்க் கருவியில் 32 கட்டங்கள் வீதம் பத்து வரிகள். 3,840 ஊசிகளும் சம இடைவெளியில் இருப்பதால் வரைபடத்தையும் தடவிப் பார்க்கலாம். கருவியையும் கணினியையும் இணைக்க ஒவ்வொரு நிறுவனத்துக்கும் ஒரு இயக்கி மென்பொருள் என்ற தலைவலிக்கு 2018-இல் யூஎஸ்பி தரம் ஒன்று வந்தது.

என்னைக் கேட்டால், புதுப்பித்தலின் அடுத்த படி இந்தப் பக்கத்தில்தான் இருக்கிறது. மூல ஆவணத்தைப் பொருளோடு வைத்திருங்கள்: தலைப்பைத் தலைப்பாக, சமன்பாட்டை மேத்எம்எல் என்ற கணிதக் குறிப்புமொழி வடிவில். எந்தக் குறிமுறை என்பதைப் படிப்பவரின் கருவி கடைசி நொடியில் முடிவு செய்யட்டும். மேத்கேட் என்ற மென்பொருள் ஒரே சமன்பாட்டை ஒருவருக்கு நெமத் முறையிலும் இன்னொருவருக்கு ஒருங்கிணைந்த முறையிலும் தருகிறது. லிப்லூயிஸ் என்ற திறமூல மொழிபெயர்ப்பி அட்டவணையை மாற்றினால் மொழியையும் சுருக்க அளவையும் மாற்றிக்கொள்கிறது. எது சிறந்த கணிதக் குறிமுறை என்ற சண்டை அப்போது தனிமனித விருப்பமாகச் சுருங்கிவிடும்.

உங்கள் கேள்விக்கு நடைமுறைப் பதில் வேண்டுமென்றால், இன்றைக்கே இரண்டையும் வைத்துக்கொள்ளலாம். நாவலுக்கும் கடிதத்துக்கும் ஆறு புள்ளி. கட்டளைத் திரைக்கும் நிரலுக்கும் எட்டுப் புள்ளி. திரைவாசிப்பான் அமைப்புகளில் அட்டவணையை மாற்றினால் போதும். புதிதாகக் கற்பவர் என்றால் ஆறில் தொடங்குங்கள். அது விரலில் படிந்துவிட்டால் 7-ஐயும் 8-ஐயும் சேர்த்துக்கொள்வது பெரிய வேலை இல்லை; எட்டில் தொடங்கினாலோ, ஏற்கெனவே எழுதிவைத்திருக்கும் நூல்களுக்காக மறுபடி ஆறுக்கு வந்தே ஆக வேண்டும்.